தோட்டப் பாடசாலையில் ஐந்து வாரம்: ஓர் ஆசிரிய மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்வி ஆசிரியராவதற்குப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. பாட்டி இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கோடை விடுமுறையை ஒட்டி ஐந்து வாரம் வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றில் தன்னார்வமாகப் பணியாற்றக் கல்லூரி இடம் கொடுக்கிறது. கூடப் படிப்பவர்கள் சிலர் மாலைதீவுக்குப் போகிறார்கள். இவர் தமிழ் தெரியாத மூன்று தோழிகளோடு மலையகத்துக்கு வர நினைக்கிறார். முகவர் நிறுவனம் ஒன்று ஆளுக்கு ஒரு பெரிய தொகை கேட்கிறது. வந்தால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் இருக்குமா, யாரிடம் அனுமதி கேட்பது, எப்போது வருவது, என்ன கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறார்.

வாருங்கள் மகள். ஆனால் வகுப்பைக் கையில் எடுக்கும் எண்ணத்தோடு வராதீர்கள். ஐந்து வாரத்தில் ஒரு பிள்ளைக்கு நீங்கள் நேரடியாகக் கற்றுக்கொடுக்கக்கூடியது கொஞ்சம். அந்தப் பிள்ளையின் டீச்சர் உங்களிடமிருந்து ஒரு நல்ல உத்தியை எடுத்துக்கொண்டால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அது அந்த வகுப்பறையில் நடக்கும், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் போகும். அதனால் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வாருங்கள் என்பதுதான் என் பதில். மிச்சமெல்லாம் அதற்கான விளக்கம்.

நான் ஹட்டன் பக்கம் ஆங்கிலப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டிலிருந்து வருகிற இளம் ஆட்களைப் பாடசாலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், அவர்கள் போன பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதும் என் வேலையோடு சேர்ந்தே வந்தன. பல இடங்களில் மிச்சம் இருந்தது சுவரில் ஒரு வண்ணப்படம். அதுவும் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துப் போகும்.

மாலைதீவுக்குப் போகும் நண்பர்களின் அனுபவத்தை வைத்து இங்கே திட்டம் போட வேண்டாம். இரண்டும் தீவுதான், பாடசாலை வேறு. மாலைதீவில் திவெஹி மொழியும் இஸ்லாம் பாடமும் தவிர மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன ஆசிரியர்கள் அங்கே நிறையப் பேர். உள்ளூர் மொழி தெரியாத ஓர் ஆசிரிய மாணவி அங்கே கணித வகுப்பில் நின்று சமாளித்துவிடலாம். தோட்டப் பாடசாலையில் தரம் ஒன்றிலிருந்து எல்லாமே தமிழ்மொழி மூலம். உங்கள் தோழி கணித வகுப்பில் நின்றால், டீச்சர் கற்பிப்பதை விட்டுவிட்டு மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே தோழிகளுக்கு இங்கே ஆங்கிலம், சித்திரம், விளையாட்டு ஆகியவைதான் இடம். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வருமென்றால் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். பேச மட்டும் வரும் என்றாலும் பரவாயில்லை, பிள்ளைகள் உங்களுக்கு வாசிக்கக் கற்றுத்தருவார்கள். அதைவிட அவர்களுக்குப் பிடித்த வேலை வேறு இருக்காது.

பாட்டி காலத்துப் பாடசாலையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். தோட்ட நிர்வாகம் நடத்திய ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வந்துசேர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. 1970களின் கடைசியில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்புறம் 1980களின் நடுவிலிருந்து சுவீடன் அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவி நிறுவனமான சீடாவின் உதவி வந்தது. கட்டிடம் கட்டினார்கள், கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல பாடசாலைகளில் ‘சீடா கட்டிடம்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி வந்தது. வெளியிலிருந்து வந்த உதவிகளில் மலையகக் கல்வியில் நின்று பிடித்தது எது என்று கேட்டால் இந்த இரண்டையும்தான் சொல்வேன். ஆசிரியர்களை உருவாக்கியதால்தான் அவை நின்றன. அமெரிக்க அரசாங்கம் தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைப்பான சமாதானப் படை இலங்கைக்கு முதலில் வந்தது 1962இல். அவர்கள் ஒரு தொண்டரை அனுப்பினால் இப்போதெல்லாம் 27 மாதக் கணக்கு. அதில் முதல் மூன்று மாதம் மொழியும் ஊர்வழக்கும் பழகவே போய்விடும். உங்களிடம் இருப்பது ஐந்து வாரம். அந்த அளவுக்குத் தக்க வேலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆசிரியர் ஓய்வறைக்கு வருவோம். அங்கே உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டமான உயர்தரம் முடித்துவிட்டு, நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், தங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல், அல்லது பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகைக்குப் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் மலையகத்தில் உண்டு. 2015ஐ ஒட்டி ‘ஆசிரிய உதவியாளர்’ என்று தோட்டப் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்களை எடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, பயிற்சிக் கலாசாலைக்கும் போய்த்தான் பலர் இன்றைக்கு நிரந்தர ஆசிரியர்களாக இருக்கிறார்கள். நீங்கள் ஐந்து வாரம் சும்மா வேலை செய்ய வந்ததற்கு அதிபர் மாலை போட்டு வரவேற்பார், படம் எடுப்பார்கள். பக்கத்தில் நின்று கைதட்டும் டீச்சர் ஐந்து வருடம் சும்மா வேலை செய்தவராக இருக்கலாம். அவருக்கு யாரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஓய்வறையில் எப்படிப் பேசுவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பறை எப்படி இருக்கும்? சிறிய பாடசாலைகளில் ஒரு மண்டபத்தைக் கரும்பலகையாலோ பலகைத் தட்டியாலோ பிரித்திருப்பார்கள். தரம் இரண்டு பாட்டுப் பாடினால் தரம் நான்கு கணக்கை மறந்துவிடும். ஓர் ஆசிரியர் வராத நாளில் இரண்டு தரம் ஒருவரிடம் வந்துவிடும். பல்தரக் கற்பித்தல் என்று இதற்குப் பயிற்சியே உண்டு, அதில் கெட்டிக்கார டீச்சர்மார் எங்களிடம் இருக்கிறார்கள். ஒரு பக்கம் எழுத்துவேலை, ஒரு பக்கம் குழு விளையாட்டு, நடுவில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைக் குட்டி டீச்சராக வைத்துவிட்டு நடமாடுவார்கள். இங்கிலாந்துக் கல்லூரியில் இதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம் கிடைக்காது. முதல் வாரம் வாயைத் திறக்காமல், பின்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்து, அந்த டீச்சர் என்ன செய்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி அறிக்கைக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

நீங்கள் கொடுக்கக்கூடியது என்ன என்று கேட்டால், எனக்கு உடனே தோன்றுவது ஆங்கில எழுத்துகளின் ஒலி. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தொலிச் சோதனை ஒன்று நடக்கிறது. எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லை வாசிக்கப் பழக்கும் முறை உங்கள் பயிற்சியில் கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் டீச்சர்மாரில் பலர் ஆங்கில எழுத்துகளைப் பெயரால் படித்து, பெயராலேயே சொல்லிக்கொடுப்பவர்கள். ஏ, பீ, சீ என்று இருபத்தாறையும் ராகம் போட்டுப் பாடும் பிள்ளை, மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் கண்டதும் நின்றுவிடும். சீ, ஏ, டீ என்று எழுத்துக்கூட்டினால் பூனை எங்கிருந்து வரும்? தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அ, ம், மா என்று சொன்னால் அம்மா வந்துவிடுவார். அப்படிப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கில எழுத்துக்குப் பெயர் ஒன்று ஒலி வேறொன்று என்பதை யாராவது உட்கார்ந்து காட்டித்தர வேண்டும். பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டிய எத்தனையோ இடங்களில் இந்த ஒரு விஷயம்தான் விடுபட்டிருந்தது.

உங்கள் கல்லூரிப் பாடத்தில் இல்லாத சில சிக்கல்களும் இங்கே இருக்கின்றன. தமிழில் ப என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. ‘பின்’ என்று தமிழில் எழுதிவைத்தால் அது குண்டூசியா, குப்பைக்கூடையா என்று சொல்ல முடியாது. க, ட, த மூன்றுக்கும் இதே கதைதான். பிள்ளைக்கு இரண்டு ஒலியும் காதில் விழுகிறது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அதற்கு இதுவரை வரவில்லை. மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குத் தாள் ஆடும், குப்பைக்கூடைக்கு அவ்வளவாக ஆடாது. சிரித்துக்கொண்டே ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். மேற்பல் கீழுதட்டில் படும் ஒலி பலருக்கு ப என்றே வரும்: ‘பேன்’ என்றால் தலையில் ஊர்வதா, கூரையில் சுற்றுவதா என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைக்கலாம். சொல்லின் தொடக்கத்தில் ஸ் ஒலியோடு இன்னொரு மெய்யொலி சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் இ போட்டு ‘இஸ்கூல்’ என்பார்கள். அதை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம், வாசிப்புக்கு அது தடையில்லை.

இலங்கைப் பாடத்திட்டத்தில் தரம் 1, 2இல் ஆங்கிலம் வாய்மொழிச் செயற்பாடாகத்தான் இருக்கும். பாடநூலோடு ஆங்கிலம் தொடங்குவது தரம் 3இல். ஆகவே தரம் 3 டீச்சர்தான் உங்களுக்குச் சரியான ஆள். அவரோடு உட்கார்ந்து பாடநூலில் முதல் சில அலகுகளில் வரும் சொற்களை எடுத்து, அவற்றை வாசிக்கத் தேவையான ஒலிகளை மட்டும் பொறுக்குங்கள். ஐந்து வாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஒலி ஊன்றினால் போதும். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து அவர் செய்யட்டும், நீங்கள் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் அவருடைய கைத்தொலைபேசியில் அந்த ஒலிகளை அவர் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள். உங்கள் குரலில் பதிந்தால் அது ‘வெள்ளைக்கார மிஸ் சொன்ன மாதிரி’ என்று ஒரு காட்சிப் பொருளாகிவிடும். (நீங்கள் வெள்ளைக்காரர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். லண்டனிலிருந்து வந்தால் அந்தப் பட்டம் எப்படியும் ஒட்டிக்கொள்ளும்.) டீச்சரின் உச்சரிப்பைப் பிள்ளைகள் முன்னால் திருத்தவே கூடாது. திருத்தினால் அந்த வகுப்பில் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது.

தரம் 5 பக்கம் போகாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் காலத்தில் அந்த வகுப்பு டீச்சருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்தப் பரீட்சையில் சித்தி பெறும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் கதவு திறக்கலாம்; பெற்றோர் முழு நம்பிக்கையையும் அதில் வைத்திருப்பார்கள். அங்கே புது உத்தி சோதித்துப் பார்க்க யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு யோசனை: பத்தனைக் கல்லூரியில் உங்கள் வயதிலேயே, உங்களைப் போலவே ஆசிரியராகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் முழு வருடப் பயிற்சி. பக்கத்தில் கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது. உங்கள் கல்லூரியின் விரிவுரையாளர் ஒருவர் பத்தனைக் கல்லூரியின் பீடாதிபதிக்கு எழுதி, உங்களில் ஒவ்வொருவரையும் அங்கே பயிற்சியில் இருக்கும் ஒருவரோடு சோடி சேர்த்துவிட்டால், நான் மேலே சொன்ன பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மொழிக்கு ஆள் இருக்கும், வகுப்பு அவருடையது, நீங்கள் துணை. நீங்கள் போன பிறகும் அவர் அந்த வகுப்பில் இருப்பார், அப்புறம் முப்பது வருடம் ஏதோ ஒரு தோட்டப் பாடசாலையில் இருப்பார். இரண்டு பேரும் ஒரே வேலையைப் படிப்பவர்கள் என்பதால் உதவி கொடுப்பவர், வாங்குபவர் என்ற சங்கடமும் குறையும். எனக்குக் கேட்டால், தனியாக ஒரு பாடசாலையைத் தேடுவதை விட இதற்கே முதல் இரண்டு மாதத்தைச் செலவழிக்கச் சொல்வேன்.

அடுத்து, கடுதாசி வேலை. அரசாங்கப் பாடசாலைக்குள் வெளியாள் ஒருவர் போய் வகுப்பில் நிற்க அதிபர் மட்டும் சரி என்றால் போதாது. வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கடிதம் போக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. பொகவந்தலாவை ஹட்டன் வலயத்தில் வரும். பதுளைப் பக்கம் போவதென்றால் அது ஊவா மாகாணம், கடிதம் வேறு இடத்துக்கு. கல்லூரியின் தலைப்புத்தாளில் கடிதம், உங்கள் பொலிஸ் நற்சான்றிதழ், வரும் தேதிகள், எந்தத் தரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம், இவ்வளவும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காகச் சலிக்க வேண்டாம். அங்கே மேசையில் உங்கள் கடிதத்துக்கு முன்னால் ஆசிரியர் இடமாற்றக் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கும்.

சுற்றுலா விசாவில் வந்து பாடசாலையில் வேலை செய்ய முடியாது; சம்பளம் வாங்காவிட்டாலும் அப்படித்தான். எந்த விசா பொருந்தும் என்று லண்டனில் இருக்கும் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள், ஒன்றும் ஆகாது’ என்று முகவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவரை விட்டுவிடுங்கள். முகவர் கேட்கும் தொகையில் பாடசாலைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். எங்கள் பாடசாலைகள் தன்னார்வலரிடம் கட்டணம் வாங்குவதில்லை. தங்குமிடம், வாகனம், அலுவலகச் செலவு என்று அவர்கள் கணக்குக் காட்டலாம், அது நியாயமாகவும் இருக்கலாம். கணக்கே காட்டாதவரை நம்ப வேண்டாம். பணத்துக்கு வேறு வழியும் உண்டு: பிரித்தானிய மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கவும் பயிற்சி பெறவும் 2021இல் டூரிங் திட்டம் தொடங்கினார்கள். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா, எந்த வருடம் வரை பணம் கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

எப்போது வருவது? உங்கள் கோடை எங்கள் தென்மேல் பருவமழை. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழை நாள்கணக்கில் நிற்காது. வருகை குறையும், தகரக் கூரையில் மழை விழுந்தால் எழுத்தொலிப் பாடம் எடுக்க முடியாது. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் வெயில் காயும். அவர்களுக்கு மழை வருட இறுதியில். ஜூன், ஜூலைதான் உங்களுக்கு முடியும் என்றால் ஊவாப் பக்கத்தைப் பரிசீலியுங்கள். பாட்டியின் ஊருக்கு வார இறுதியில் போய்வரலாம். ஆகஸ்டில் தவணை விடுமுறை வரும், கொவிட்டுக்குப் பிறகு தவணைத் தேதிகள் மாறி மாறி வருவதால் அந்த வருட அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். போயா என்னும் முழுநிலா நாள்கள் விடுமுறை. தோட்டத்தில் கோயில் திருவிழா என்றால் பாடசாலை பாதி காலி. அந்த வாரத்தில் பாடத்தை மறந்துவிட்டுத் தேர் பார்க்கப் போங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகம் மண்சரிவில் பட்டபாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வரும் பாடசாலைக்கும் தங்குமிடத்துக்கும் போகும் பாதை எப்படி இருக்கிறது என்று ஊர் ஆள் ஒருவரிடம் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பாடசாலையில் பிரம்பு பார்த்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில இடங்களில் பார்ப்பீர்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே சொல்லிவிட்டது. சுற்றறிக்கை வந்த வேகத்தில் பழக்கம் போகவில்லை. மேசையில் கிடக்கும் பிரம்பைப் பார்த்து வகுப்பிலேயே விவாதம் தொடங்காதீர்கள். உங்கள் வகுப்பில் அது இல்லாமலே பிள்ளைகள் அடங்குவதை டீச்சர் பார்க்கட்டும். ஒரு பிள்ளை காயப்படும் அளவுக்கு, அல்லது வேறு விதமாகப் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அங்கே மரியாதை பார்க்கக் கூடாது: அதிபரிடம் சொல்லுங்கள், உங்கள் கல்லூரிக்கும் எழுதுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை எல்லாரும் தொலைபேசியில் போட்டு வைத்திருங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் மூக்கொழுக நிற்கும் பிள்ளையின் படம் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் நிறைய விருப்பங்களை வாங்கித் தரும். அந்தப் பிள்ளையின் அக்கா ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டு அதே படத்தைத் தன் தொலைபேசியில் பார்ப்பாள். இப்போது எல்லாரிடமும் தொலைபேசி இருக்கிறது. அதிபரும் பெற்றோரும் சம்மதித்தால் வகுப்பறை வேலையைப் படம் எடுங்கள், முகம் இல்லாமலே எடுக்கலாம். லயத்துக்குள் யாராவது வீட்டுக்கு அழைத்தால் மட்டும் போங்கள். அழைப்பார்கள், தேநீரும் ரொட்டியும் வரும், மறுக்காமல் சாப்பிடுங்கள். தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால், தேயிலை மலைக்குள் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மரங்களில் குளவிக்கூடு இருந்தால் தூர விலகிப் போக வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடப்பது.

டொபியும் பேனையும் பை நிறையக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அடுத்த நாளிலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பையைத்தான் பார்ப்பார்கள். ஏதாவது கொடுக்க ஆசை என்றால் அதிபரிடம் என்ன தேவை என்று கேட்டு, பாடசாலை அபிவிருத்திக் குழு வழியாகப் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். பெரும்பாலும் ஒலிபெருக்கி ஒன்றோ, அச்சுப்பொறிக்கு மையோ, கழிவறைக்குத் தண்ணீர்த் தாங்கியோதான் தேவையாக இருக்கும். கேட்க அலுப்பாக இருந்தாலும் அதுதான் உண்மையான தேவை.

தங்குவதற்கு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு காலையில் பஸ்ஸில் போவது நல்லது. லய வீட்டில் மேலதிக அறை இருக்காது. உங்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு வீட்டார் தரையில் படுப்பார்கள், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். தோட்டத்து பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். நால்வரும் ஒரே பாடசாலையில் குவியாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். நான்கு பேரும் ஒரே ஓய்வறையில் இருந்தால் நாள் முழுதும் உங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருப்பீர்கள்.

பெட்டிக்குள் வைக்க வேண்டியவை குறைவு. முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடையோ தளர்ந்த சல்வாரோ, இரவுக்குத் தடித்த சுவெட்டர், வழுக்காத சப்பாத்து. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், ஜனவரி இரவில் பல் தந்தியடிக்கும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்போ சவர்க்காரமோ காலில் பூசிக்கொண்டால் போதும், பிள்ளைகளே பிடுங்கியும் விடுவார்கள். குடை கொண்டுவர வேண்டாம், ஹட்டன் கடைத்தெருவில் இங்குள்ள காற்றைத் தாங்குகிற குடை வாங்கலாம். மெல்லிய தாள், மைப்பேனை, நாடா எல்லாம் இங்கேயே கிடைக்கும். உங்கள் கல்லூரியில் பயன்படுத்தும் எழுத்தொலி அட்டைகள் ஒரு தொகுதி மட்டும் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்து டீச்சரும் நீங்களும் பிஸ்கட் பெட்டி அட்டையில் இன்னொரு தொகுதி செய்துகொள்ளலாம். மூலத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள்; வகுப்பில் இருக்க வேண்டியது டீச்சர் வெட்டி எழுதியது.